சவுக்குச் சாரத்திலிருந்து ஸ்கை லிஃப்ட் வரை

போன மாசம் எங்க தெருவில் (தென்னூர்தான்) தெருவிளக்கு மாத்த ஒரு ஸ்கை லிஃப்ட் வண்டி வந்தது. லாரிமேல ஒரு மடங்கும் கை, அந்தக் கையோட நுனியில் ஒரு தொட்டி. தொட்டியில் நின்ற பையன் பத்து நிமிஷத்தில் வேலையை முடிச்சு இறங்கிட்டான். அதே நேரம் எதிர் வீட்டில் பெயிண்ட் வேலை. அங்கே பழைய முறைதான்: சவுக்குக் கம்பு, கயிறு, குறுக்கே பலகை.

ரெண்டையும் மாடியில் நின்று பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. சாரத்தில் ஏறின பெயிண்டர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துத்தான் அடுத்த கம்பில் கால் வைத்தார். தொட்டியில் நின்ற பையனோட பெல்ட், தொட்டியின் விளிம்பில் சும்மா தொங்கிக்கிட்டிருந்தது. தலைக்கு மேலே கொஞ்ச தூரத்தில் மின்கம்பி. அவனுக்குப் பயமே இல்லை. இயந்திரம் பார்த்துக்கும் என்ற நம்பிக்கை.

உயரத்தில் நின்று வேலை செய்வது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. மலைக்கோட்டையில் ஏறி வடக்கே பார்த்தா ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். 236 அடி, 13 நிலை. அதை எழுப்பியவர்கள் எதன்மேல் நின்றார்கள் என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

ஊர்ப் பெயரில் மிஞ்சிய சாரம்

பேச்சை நம்பினால், தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாரம் தஞ்சாவூரில் கட்டப்பட்டது. பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. பணி நிறைவு பெற்றது 1010-இல். உச்சிக் கல்லை ஏற்ற, சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சரிவுப் பாதை போட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த ஊருக்குப் பெயரே அப்படித்தான் வந்தது என்பது வழக்கு.

ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. எண்பது டன் ஒற்றைக் கல் என்று நாம் கேட்டு வளர்ந்த சிகரம், பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்கிறார்கள். சரிவுப் பாதை விமானத்தைச் சுற்றியே ஏறியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. எப்படி இருந்தாலும் அடிப்படை யோசனை ஒண்ணுதான்: ஆளைத் தரையிலிருந்து தூக்குவதற்குப் பதிலா, தரையையே ஆளோடு சேர்த்து மேலே கொண்டு போவது. மண்ணில் நிற்பவன் விழுவது கஷ்டம். மெதுவான, செலவான, ஆனால் பத்திரமான வழி.

அந்தக் கோயில் கல்வெட்டுகள் எதையும் விட்டு வைப்பதில்லை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர் இருக்கு. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கு. கட்டும்போது விழுந்தவர்கள் பெயர் மட்டும் இல்லை. இதை மனசில் வெச்சுக்குங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

மொட்டைக் கோபுரமும் எட்டு வருஷமும்

ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் கோபுரம் விஜயநகர மன்னர் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கியது. 1542-இல் அவர் இறந்தபின் வேலை நின்றது. நானூறு வருஷத்துக்கு மேல் அடித்தளத்தோடு நின்றதால் ஊருக்கு அது மொட்டைக் கோபுரம். மரியாதையா சொல்பவர்களுக்கு ராயகோபுரம்.

1979-இல் அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் இந்தப் பணியைக் கையில் எடுத்தார். எட்டே வருஷத்தில் முடிந்தது. 1987 மார்ச் 25-இல் கும்பாபிஷேகம். நிலைக்கு ஒருவர் என்று பலர் பொறுப்பேற்றார்கள். ஆறாம் நிலைக்கு இளையராஜா செலவு செய்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

கோபுரம் ஏறஏற அதைச் சுற்றி இன்னொரு கோபுரம் கூடவே ஏறும். அதுதான் சாரம். கும்பாபிஷேகம் முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவதால் யார் நினைவிலும் நிற்பதில்லை. 2015 திருப்பணியின்போது ஸ்ரீரங்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். கோபுரமே தெரியாமல் கம்பும் கீற்றுமா நின்னது.

சவுக்கு எப்போது வந்தது?

சவுக்குச் சாரம் சோழர் காலத்து முறை என்று நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லை. சவுக்கு நம்ம மரமே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் நீராவி ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேணும் என்று மெட்ராஸ் மாகாணக் கடற்கரையில் பெருவாரியா நட்டு வளர்த்தார்கள். நேரா, உயரமா, சீக்கிரமா வளரும் மரம். ரயில் நிலக்கரிக்கும் டீசலுக்கும் மாறிய பிறகும் கொத்தனார்கள் சவுக்கை விடவில்லை. அதுக்கு முன்னால் மூங்கிலும் நாட்டு மரங்களும்தான்.

எதிர் வீட்டில் சாரம் கட்டினவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயசிருக்கும். சின்ன வயசில் கோயில் வேலைகளுக்கும் போயிருக்கிறார்.

"எத்தனை அடி வரைக்கும் கட்டுவீங்கண்ணே?"

"அடி என்ன சார் அடி. கம்பு ஊனின இடம் கெட்டியா இருந்தா எவ்வளவு வேணும்னாலும் போகலாம். அது எளகினா பத்தடியிலயே போச்சு. காலையில வந்ததும் நான் மேல பாக்க மாட்டேன், கம்போட காலைத்தான் பாப்பேன். ராத்திரி மழை பேஞ்சிருந்தா கேக்கவே வேணாம்."

பிறகு அவர் சொன்னதையெல்லாம் வரிசையா எழுதிப் பார்த்தேன். கம்பு நிற்கும் மண்ணைப் பார். காய்ந்த கயிறை மறுபடி இறுக்கு. சாரத்தைச் சுவரோடு பிணை. பலகையில் ஒரே இடத்தில் செங்கல்லைக் குவிக்காதே. காற்று அடிக்கும்போது கீற்று மறைப்பை அவிழ்த்து விடு, இல்லாட்டி அது பாய்மரம் மாதிரி இழுக்கும். சாரத்துக்குக் கீழே யாரையும் நிற்க விடாதே.

சாரத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3696, முதல் பகுதி. அதைப் புரட்டினால் இதே விஷயங்கள் எண் போட்டு வரும். அதன் திருத்திய பதிப்பு வந்த வருஷம் 1987. ராஜகோபுரம் கும்பாபிஷேகம் நடந்த அதே வருஷம். எழுத்தில் இருந்த அறிவும் கையில் இருந்த அறிவும் ஒண்ணை ஒண்ணு பார்க்காமலேயே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு.

செர்ரி பறிக்கப் போன கை

இனி தொட்டி வண்டியின் கதை. அது பிறந்தது பழத்தோட்டத்தில். கலிபோர்னியாவில் ஜே ஐட்டல் என்பவர் 1940-களில் செர்ரி பறிக்க ஏணியைத் தூக்கிக்கிட்டு அலைந்து வெறுத்துப் போய் இப்படி ஒரு கையை உருவாக்கினார். அதனால்தான் அமெரிக்காவில் இன்றைக்கும் தெருவிளக்கு மாத்துற வண்டியைச் 'செர்ரி பிக்கர்' என்கிறார்கள். தோட்டத்தைவிடத் தொலைபேசி, மின்சார நிறுவனங்கள்தான் அதை அதிகம் வாங்கின.

தொட்டியில் நிற்பவரே வண்டியை ஓட்டி, கையையும் இயக்கும் 'பூம் லிஃப்ட்' வந்தது 1970-இல். செய்தவர் பென்சில்வேனியாவின் ஜான் குரோவ். ஜே.எல்.ஜி. என்ற கம்பெனிப் பெயர் அவர் பெயரின் முதலெழுத்துகள். ஹூவர் அணையில் சாரத்தில் வேலை செய்த இருவர் மின்சாரம் தாக்கி இறந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது என்று அந்தக் கம்பெனி தன் வரலாறாகச் சொல்கிறது. அதாவது, சாரத்தின் ஆபத்தைத் தீர்க்க வந்த இயந்திரம் இது.

தீர்த்தது, நிச்சயமா. ஏறி இறங்கும் ஆபத்து போச்சு. பலகை நழுவும் ஆபத்து போச்சு. இடுப்பு உயரத்துக்குச் சுற்றிலும் தடுப்பு. ஆனா புதுசா சில ஆபத்துகள் வந்தன. அவை கண்ணுக்குத் தெரியாதவை. சாரம் கட்டின அண்ணனோட அனுபவத்திலும் இல்லாதவை.

முதலாவது, கவண் மாதிரி எறிவது. கையை நீட்டிய நிலையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினா, கீழே நாலு அங்குல அசைவு மேலே பல அடி வீச்சா மாறும். தொட்டிக்குள் நிற்பவர் தடுப்பைத் தாண்டி வெளியே தூக்கி வீசப்படுவார். பெல்ட்டை தொட்டியிலேயே இருக்கும் கொக்கியில், குட்டைக் கயிற்றில் மாட்டச் சொல்வது இதுக்குத்தான். எதிரே இருக்கும் கட்டடத்தில் மாட்டிவிட்டால் வண்டி நகரும்போது கயிறே ஆளை வெளியே இழுத்துவிடும்.

இரண்டாவது, நசுங்குவது. மேலே உத்தரம் இருப்பதைப் பார்க்காமல் தொட்டியை ஏற்றி, உத்தரத்துக்கும் தடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது. மார்பு லீவர்மேலேயே அழுந்துவதால் இயந்திரம் இன்னும் மேலே தள்ளும். காலால் ஒரு பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் வேலை செய்யும் என்ற ஏற்பாடு இதையும் மனசில் வைத்ததுதான். காலை எடுத்தா நின்றுவிடும். மென்பொருளில் நாங்களும் இப்படித்தான் எழுத முயற்சி செய்வோம்: மனிதன் ஒண்ணும் செய்யாமல் இருந்தா, அமைப்பு பாதுகாப்பான நிலைக்குப் போகணும். அந்தப் பெடலில் கல்லை வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எங்க தொழிலிலும் உண்டு.

மூன்றாவது, காற்றும் எடையும். வெளியில் பயன்படுத்தும் பெரும்பாலான பூம் லிஃப்ட்டுகளுக்கு வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றுதான் எல்லை. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. ஆடி மாசம் அங்கே எப்படிக் காற்று அடிக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். எடையும் அப்படித்தான். பல மாடல்களில் தொட்டி தாங்குவது 230 கிலோ அளவுதான்; ரெண்டு ஆள், கொஞ்சம் கருவிகள், அவ்வளவே.

நான்காவது, மின்கம்பி. தொட வேண்டியதே இல்லை, உயர் அழுத்தக் கம்பி கிட்டே போனாலே தாவும். 50,000 வோல்ட் வரையுள்ள கம்பியிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி இருக்கச் சொல்கிறது அமெரிக்க விதி.

தரையில் நடந்தது

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அது தொட்டி வண்டி இல்லை, தேர்தான். ஆனா தவறு அதே தவறு: உயரமான ஒண்ணை நகர்த்தும்போது மேலே என்ன இருக்கு என்று முன்கூட்டியே பார்க்கவில்லை.

அடுத்தது இன்னும் நேரானது. 2023 ஜனவரி 22, ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி பக்கம் கீழ்வீதி கிராமம், மண்டியம்மன் கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்களைக் கிரேனில் ஏற்றினார்கள். ஆட்களோடு கிரேன் கவிழ்ந்து நாலு பேர் உயிர் போச்சு. பொருள் தூக்கும் இயந்திரம் வேறு, ஆள் தூக்கும் இயந்திரம் வேறு. வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி நீளமான கைதான். ஆனா ஆள் தூக்கும் இயந்திரத்தில், ஏதாவது ஒண்ணு பழுதானாலும் ஆள் விழக்கூடாது என்ற எண்ணம் உள்ளே கட்டப்பட்டிருக்கும். கிரேனில் அது இல்லை.

லிஃப்ட்டின் வரலாறே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் திரும்பியது. ஆட்களையும் சாமான்களையும் கயிற்றில் கட்டி மேலே இழுப்பது ரொம்பப் பழசு. 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் ஒரு மேடைமேல் நின்று, தன்னைத் தாங்கும் கயிற்றையே வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி, பிடித்து நின்றது. ஜனங்கள் லிஃப்ட்டை நம்ப ஆரம்பித்தது அதிலிருந்துதான். இன்றைக்குக் கர்நாடகத்தில் முருதேஸ்வரம் போனா கோபுரத்துக்குள்ளேயே லிஃப்ட்டில் போய் மேலேயிருந்து கடலைப் பார்க்கலாம்.

யார் பெயர்?

2023 ஆகஸ்ட் 5 அதிகாலை, ஸ்ரீரங்கத்தில் கிழக்கு வாசல் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. மறுபடி சாரம், மறுபடி உயரத்தில் ஆட்கள். கோபுரங்கள் இருக்கும் வரை இந்த வேலை ஓயாது.

எத்தனை நிலை, யார் உபயம், என்றைக்குக் கும்பாபிஷேகம் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். கம்பு ஊனின மண்ணைத் தினமும் காலையில் குனிந்து பார்த்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. சரி, பெயர் போகட்டும். அவர் கையில் இருந்த அந்தப் பழக்கமாவது அடுத்த ஆளுக்குப் போகணுமே! சாரம் கட்ட ஒருத்தர் வருஷக்கணக்கில் எடுபிடியா நின்று கத்துக்கிட்டார். ஸ்கை லிஃப்ட் லீவரை அரை மணியில் கத்துக்கலாம். பயப்பட வேண்டியது எதுக்கு என்பதைக் கத்துக்க அரை மணி போதாது. பயிற்சி தர வேண்டியதும், ஆள் ஏறும் முன்னால் பெல்ட்டைப் பார்க்க வேண்டியதும் வேலைக்கு அனுப்புபவரின் பொறுப்பு.

அன்றைக்கு வண்டி கிளம்பும்போது அந்தப் பையனிடம் கேட்டேன்: "தம்பி, பெல்ட் போட மாட்டீங்களா?"

சிரிச்சான். "பத்து நிமிஷ வேலைதானே சார்."

எதிர் வீட்டுச் சாரத்தின் கீழே அந்த அண்ணன் குனிஞ்சு, ஒரு கம்போட காலடியில் ஜல்லி போட்டுக் கெட்டிச்சுக்கிட்டிருந்தார். அதுவும் பத்து நிமிஷ வேலைதான்.