ரப்பர் என்னும் பெயர்



பெயர் ஒன்று, பொருள் வேறு என்பதற்கு நல்ல சான்று, பழைய எம்ஜிபி மகிழுந்தின் ‘ரப்பர் பம்பர்’. மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு முதலியன கெடலாகாது என்று அமெரிக்கா விதி செய்தது. அதனால் 1974-இல் பளபளக்கும் குரோமியத் தடுப்பு நீங்கி, கரிய தடுப்பு வந்தது. உள்ளே எஃகு, மேலே பாலியூரிதேன். மரத்துப் பால் ஒரு துளியும் அதில் இல்லை!

வெயிலில் அது வெளுத்துச் சாம்பல் நிறமாகும். செப்பனிடுவோர் முதலில் பழைய மெழுகைக் கழுவிப் போக்குவர். பின் உப்புத்தாளால் தேய்ப்பர். பிளவுகளை வளையும் தன்மையுள்ள பசையால் அடைப்பர். இறுதியில் நெகிழ்வூட்டி கலந்த வண்ணம் பூசுவர். சாதாரண வண்ணமாயின் தடுப்பு வளையும்போது வெடித்து உதிரும்.

உண்மையான ரப்பரின் வரலாறோ, நம் குவீன்ஸ்டவுனுக்கு அண்மையிலுள்ள தாவரவியல் பூங்காவோடு பிணைந்தது. 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். பின்னர் மலாயாவில் ஐரோப்பியரின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். உலகத்து மகிழுந்துகளின் டயர்களில் அவர்தம் வியர்வையும் கலந்திருந்தது.

‘ரப்பர்’ என்னும் சொல்லை வகுப்பில் கற்பிக்கும்போது நான் அழிப்பானோடு நிறுத்துவதில்லை, பால்மரத்தையும் சொல்கிறேன். உங்கள் இல்லத்தில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி இருப்பின், பிள்ளைகள் அவர்களைக் கேட்டு ஒரு பத்தியேனும் எழுதட்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.