உயிர் காக்கும் பைக்குள் ஒரு வெடி: டகாட்டாவின் கதை

2014-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்தில் ஒரு கார் விபத்து. ஓட்டிவந்த பெண்ணின் கழுத்தில் இருந்த காயங்களைப் பார்த்துட்டு, யாரோ கத்தியால குத்தியிருக்கணும்னு போலீஸ் கொலை விசாரணையே ஆரம்பிச்சாங்க. கடைசியில் பார்த்தா, கொன்றது ஆள் இல்லை. அவரைக் காப்பாற்ற வேண்டிய ஏர்பேக்.

அதைச் செய்த நிறுவனம் டகாட்டா. 1933-ல் ஜப்பானில் துணி நெசவில் தொடங்கிய குடும்பத் தொழில். அப்புறம் சீட் பெல்ட், அதுக்கப்புறம் ஏர்பேக். சரி, நெசவுக் கம்பெனிக்கும் வெடிமருந்துக்கும் என்ன சம்பந்தம்?

ஏர்பேக் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள விரியணும். அதுக்கு இன்ஃப்ளேட்டர் என்கிற உலோகக் குப்பிக்குள் ரசாயன வில்லைகள் எரிஞ்சு வாயுவாகணும். 2000-ஐ ஒட்டி டகாட்டா அதற்குத் தேர்ந்தெடுத்தது அம்மோனியம் நைட்ரேட். உரத்திலும் சுரங்க வெடியிலும் இருக்கிற அதே பொருள்தான். விலை மலிவு. ஆனா சுமார் 32 டிகிரியைத் தாண்டும்போதெல்லாம் அதன் படிக அமைப்பு மாறும், குளிர்ந்தா மறுபடி மாறும். ஈரத்தையும் இழுத்துக்கும். பகல் வெயில், இரவுக் குளிர்ச்சி என்று வருஷக்கணக்கில் நடந்தால் வில்லைகள் பொலபொலத்துப் போகும். அப்போ எரியவேண்டிய வேகத்தைவிட வேகமா எரிஞ்சு, குப்பியே வெடிச்சுச் சிதறும். மாத்திரை டப்பாவில் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, அந்த மாதிரி எதுவும் இந்தக் குப்பிகள் பலவற்றில் இல்லை.

2008 நவம்பரில் ஹோண்டா முதல்முறையா சுமார் 4,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 2009 மே மாதம் ஓக்லஹோமாவில் 18 வயசுப் பெண் ஒருத்தி இறந்தாள். அவள் ஓட்டிய கார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நீண்டது. 2014-ல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணி பலியானார்.

2017 தொடக்கத்தில் டகாட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டது. சோதனை முடிவுகளைத் திருத்தி, கார் கம்பெனிகளுக்குப் பொய் அறிக்கை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 100 கோடி டாலர். அதில் 85 கோடி கார் கம்பெனிகளுக்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 12.5 கோடி, அபராதம் 2.5 கோடி. பங்கு பிரிச்ச விதத்தைக் கவனிச்சீங்களா? அதே வருஷம் ஜூனில் நிறுவனம் திவால்.

அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே குறைந்தது 28 பேர் இறந்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் உறுத்துறது ஒரு விஷயம். இந்தக் குப்பிக்கு வயசு ஏற ஏற ஆபத்தும் ஏறும். காருக்கு வயசு ஏறினால் அது கை மாறும். ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும். கார் மூணாவது ஆளிடம் ஓடிட்டிருக்கும். செகண்ட்ஹேண்ட் கார் வாங்கும் சாமானியன் தலையிலதான் கடைசியில் விடியுது.

இந்தியாவிலும் ஹோண்டா டகாட்டா ஏர்பேக் கார்களைத் திரும்ப அழைத்தது. சென்னையில் 32 டிகிரி எல்லாம் வெயில் கணக்கிலேயே சேராதுன்னு உங்களுக்கே தெரியும். அதனால வீட்டில் பழைய கார் இருந்தா, ஆர்சி புத்தகத்தில் இருக்கிற சேசிஸ் எண்ணை எடுத்து, கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்க. ரீகாலில் இருந்தா மாற்றித்தர காசு கேட்க மாட்டாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.