தீப்பெட்டித் தொழில், கோவில்பட்டி

தூத்துக்குடி மாவட்டக் கரிசல் நகரமான கோவில்பட்டியிலும் சுற்றூர்களிலும் நடக்கும் கைவேலை மிகுந்த தொழில். மூலப்பொருள் கிடைக்கும் இடத்தில்தான் தொழில் வளரும் என்ற பாடப்புத்தக விதி இங்கே எடுபடாது. குச்சிக்கான மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகிறது. தீமுனைக்கான பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்புப் பாஸ்பரசும் கரிசலில் விளைபவை அல்ல. மண் கொடுத்தது வறட்சியை மட்டுமே: மானாவாரிப் பருத்தியும் கம்பும் பொய்த்தால் வேலை தேடும் கைகள், தீமுனை மருந்தைச் சீக்கிரம் உலர்த்தும் காற்று. மரச்சட்டகத்தில் குச்சி அடுக்கி, முனையை மெழுகில் நனைத்து, பிறகு மருந்தில் முக்குவார்கள். காற்றில் ஈரம் இருந்தால் முனை நமுத்துப்போகும்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து பக்கத்துச் சிவகாசியில் தொடங்கியதே இத்தொழில் இங்கே வளர்ந்ததற்குக் காரணம் என்பார்கள். தொடக்கத்துக்கு அது சரி. நிலைத்ததற்கு அது போதாது. தனிமனித முனைப்பே எல்லாம் என்றால் தாமிரபரணி ஆற்றுப் பாசனப் பகுதியிலும் இத்தொழில் இதே அளவு வேரூன்றியிருக்க வேண்டும். வறட்சியை வரமாக்குகிறீர்களா என்று கேட்டால், இல்லை: குழந்தைகளின் உழைப்பையும் அதே வறட்சிதான் இழுத்துவந்தது. சந்தையைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில், 14 ஆண்டுகளுக்குப் பிறகு, பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. மலிவு லைட்டர்களின் போட்டி தொடர்ந்ததால், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023 ஜூனில் தடைசெய்தது.