கம்பளக் கம்பெனியின் கணக்கு

வியாபாரம் என்றால் லாபம், சுற்றுச்சூழல் என்றால் செலவு. தொழில் உலகில் பல காலம் இதுதான் எழுதப்படாத விதி. அதை மாற்றிக் காட்டக் கிளம்பியவர் ரே ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர்.

1973-ல் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்டர்ஃபேஸ். அலுவலகத் தரையில் சதுரம் சதுரமாகப் பதிக்கும் கம்பளங்கள்தான் சரக்கு. நைலான் நூல் பெட்ரோலியத்தில் இருந்து வருவது. பழசானால் போய்ச் சேரும் இடம் குப்பை மேடு! கம்பெனி பல நாடுகளுக்குப் பரவியது. சட்டப்படி நடந்தால் போதும் என்பதே அதுவரை அவர்களது கொள்கை.

1994-ல் சுற்றுச்சூழலுக்காக என்ன செய்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். பதில் இல்லை. அந்த நேரத்தில்தான் பால் ஹாக்கன் எழுதிய 'தி எக்காலஜி ஆஃப் காமர்ஸ்' புத்தகம் ஆண்டர்சன் கைக்கு வந்தது. நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 60. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் ஒரு புது இலக்கு வைத்தார்: 2020-க்குள் கம்பெனியால் இயற்கைக்கு வரும் கேடு பூஜ்ஜியம் ஆக வேண்டும்.

முதலில் கை வைத்தது கழிவில். வீணாகும் ஒவ்வொரு துண்டும் காசு கொடுத்து வாங்கிய சரக்குதானே? 2000-ல் காட்டுத் தரையைப் பார்த்து ஒரு டிசைன் போட்டார்கள். உதிர்ந்த இலைகள் போல எந்தத் துண்டும் இன்னொன்று மாதிரி இருக்காது. எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும். வெட்டி எறிவது குறைந்தது.

எல்லாம் ஜெயிக்கவில்லை. கம்பளத்தை விற்காமல் வாடகைக்கு விடும் திட்டத்தை வாங்க ஆள் இல்லை.

உண்மையான பரீட்சை 2001-க்குப் பிறகு வந்தது. அலுவலகக் கம்பளச் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. கம்பெனி தாக்குப் பிடித்தது. காரணம், கழிவைக் குறைத்து மிச்சம் பிடித்த பணமும், இந்தக் கொள்கைக்காகவே கூட நின்ற வாடிக்கையாளர்களும் என்றார் ஆண்டர்சன். 2009-ல் அவர் சொன்ன கணக்குப்படி, தவிர்த்த செலவு மட்டும் 40 கோடி டாலருக்கு மேல்.

2011-ல் அவர் காலமானார். 2012-ல் பிலிப்பைன்ஸ் மீனவர்களின் பழைய வலைகளைச் சேகரித்து நைலான் நூலாக்கும் திட்டம் தொடங்கியது. 2019-ல் இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் மிச்சம் இருந்த கார்பனுக்கு வெளியில் ஈட்டுப் பத்திரம் வாங்கித்தான் கணக்கு நேர் செய்யப்பட்டது.

அடுத்த வருடமே இன்னொரு கணக்கும் வெளியே வந்தது. 2015, 2016-ல் பங்கு ஒன்றுக்கான லாபத்தைக் கூட்டிக் காட்டியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 50 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது நிறுவனம்.

இதனால் ஆண்டர்சன் செய்தது பொய் ஆகிவிடாது. இயற்கையை மதிக்கும் தொழில் நஷ்டத்தில் முடிய வேண்டியதில்லை என்று காட்டினார். ஆனால் பசுமை இலக்கு வைத்த கம்பெனி என்பதற்காக அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டாமல் விடக் கூடாது. இரண்டு கணக்கும் நேராக இருந்தால்தான் ஒரு தொழில் நிலைத்து நிற்கும்.