இரும்பு எங்கே போயிற்று?

மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பாணியைப் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் அதன்மேல் செம்பு படிகிறது. பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறோம். சமன்பாட்டை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். இந்தச் சிறிய காட்சியைச் சரியாக வாசிக்க மனிதனுக்கு ஏறக்குறைய 1800 ஆண்டுகள் பிடித்தன என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

நீலத் தாது இரும்பைச் சேர்ந்தால் செம்பாகும் என்ற குறிப்பு சீனாவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் ரசவாதி கோ ஹொங் ஒரு படி மேலே போனார். மாற்றம் வெளியேதான், உள்ளே இரும்பு அப்படியே இருக்கிறது என்று கண்டார். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ, காந்த ஊசி சரியாகத் தெற்கைக் காட்டுவதில்லை என்று கவனித்த அதே கூர்மையான மனிதர், கசப்பு நீரூற்று ஒன்றின் நீரைக் காய்ச்சும் இரும்புச் சட்டி நாளடைவில் செம்பாகிவிடுவதைக் குறித்துவிட்டு, தண்ணீர் செம்பாகும் விந்தையை வியந்ததோடு நின்றுவிட்டார்.

அதே சொங் அரச காலத்தில் நாணயச் செம்புக்காக இது பெரும் தொழிலாயிற்று. இரும்பைத் தகடாக அடித்துத் தொட்டி நீரில் பல நாள் ஊறவைத்தார்கள். மேலே படிந்த சிவந்த பொடியைச் சுரண்டி மூன்று முறை உருக்கினார்கள். ஒரு ஜின் செம்புக்கு இரண்டேகால் ஜின் இரும்பு செலவு என்று அரச வரலாறு பதிவு செய்திருக்கிறது. லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, இந்த வரிதான் என்னை நிறுத்துகிறது. அறிஞரின் வியப்பைவிடக் கணக்கனின் செலவுக் குறிப்பு உண்மைக்கு அருகில் இருக்கிறது. இரும்பு செலவாகிறது என்று அவனுக்குத் தெரியும். எங்கே போகிறது என்றுதான் அவன் கேட்கவில்லை.

ஐரோப்பாவும் கேட்கவில்லை. இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஹெரன்குருண்ட் சுரங்க நீரில் கிடைத்த செம்பில் கோப்பைகள் செய்து விற்றார்கள். முன்பு இரும்பாயிருந்து இப்போது செம்பானதாகக் கோப்பையே தன் கதையைச் சொல்லும்படி அதில் எழுத்துப் பொறித்தார்கள். ரசவாதிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவன் முட்டாளல்ல. கண்ணால் கண்டதைத்தான் நம்பினான்.

1617இல் ஆஞ்செலோ சாலா என்ற மருத்துவர் ஆணியை விட்டுவிட்டு நீரைப் பார்த்தார். செம்பு, கந்தக அமிலம், தண்ணீர் மூன்றையும் கொண்டு மயில்துத்தத்தைத் தாமே உண்டாக்கினார். திரும்பப் பிரித்தும் காட்டினார். அப்படியானால் ஆணிமேல் வந்த செம்பு புதிதாகப் பிறந்ததல்ல, முன்பே கரைசலில் மறைந்திருந்தது. நீல நீர் மெல்ல வெளிர்பச்சையாவதன் அர்த்தமும் இதுதான். மயில்துத்தம் இருந்த இடத்தில் இப்போது அன்னபேதி. ஒவ்வோர் இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போய்விடுகிறது. இன்றைய கணக்கில் 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு வெளிவரும். சொங் தொட்டிகளில் எவ்வளவு இரும்பு வீணாயிற்று என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ரசவாதத்தில் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்த நியூட்டன்கூட, 1717இல் வந்த ஒளியியல் நூல் பதிப்பின் 31ஆம் கேள்வியில் இதை அற்புதமாகப் பார்க்கவில்லை. வெள்ளிக் கரைசலில் செம்பு கரைந்து வெள்ளியை விடுகிறது. செம்புக் கரைசலில் இரும்பு கரைந்து செம்பை விடுகிறது. எதன் ஈர்ப்பு எதைவிட அதிகம் என்பது மட்டுமே அவர் கேள்வி. ரூபமாற்றம் என்று நினைத்தது இடமாற்றமாகிவிட்டது.

நம் விமர்சனத்தில் இன்னும் ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கவிஞன்மேல் புதிய பளபளப்பு படிந்தால் அவன் மாறிவிட்டான் என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பளபளப்பு முன்பே எந்த நீரில் கரைந்திருந்தது, அதற்கு இடம் கொடுத்து அவனிடமிருந்து எது கரைந்து போயிற்று என்று கேட்டதில்லை. வரவை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறோம்.