மௌத்து வீட்டுப் பிள்ளைகள்

 

மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் சென்றவர்கள் சப்த கன்னியர் மலையைக் கண்டிருப்பீர்கள். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு அம்மலையில் ஒரு விமானம் மோதி நொறுங்கியது. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து புறப்பட்டு, கொழும்பில் தரித்து, ஜித்தா செல்லவிருந்த நெதர்லாந்து நாட்டு விமானம் அது. ஹஜ்ஜுக்காக நிய்யத் வைத்து வீட்டை விட்டு வந்த 182 பேரும், பணியாளர்கள் 9 பேருமாக 191 பேர் அதில் இருந்தனர். ஒருவரும் உயிர் தப்பவில்லை. ஹஜ் பெருநாளுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன.

விமானம் எத்தனை அடி உயரத்தில் மோதியது, விமானிகள் தாம் இருந்த இடத்தை எவ்வாறு பிழையாகக் கணித்தனர் என்பதெல்லாம் நம் மலையகத்தில் பல தடவை பேசப்பட்டுவிட்டன. வாப்பாவையும் உம்மாவையும் ஸலாம் கூறி வழியனுப்பிவிட்டுக் கடல் கடந்து காத்திருந்த பிள்ளைகளைப் பற்றி எவர் பேசினார்? ஜனாஸாவின் முகத்தைக் காணவும், கப்றில் ஒரு பிடி மண் போடவும் அவர்களுள் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை.

இதே மலைநாட்டில், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகளை மண்சரிவு மூடியது. காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. மண்ணுக்கடியிலிருந்து எல்லா உடல்களும் மீட்கப்படவுமில்லை. முதலில் அரிசியும் பாயும் உடுப்பும் வந்து சேர்ந்தன. அவை தேவைதான். ஆனால் “எங்க அம்மா எங்கே?” என்று கேட்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த நிவாரணப் பொதியில் பதில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நமது வரலாற்றில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

ஹிஜ்ரி 8, அதாவது கி.பி. 629. மூத்தா யுத்தத்தில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். பல ஆண்டுகள் அபீசீனியாவில் அகதியாக வாழ்ந்து, மதீனாவுக்கு வந்து ஓராண்டு சற்றுக் கழிந்திருந்த நேரம் அது. அவர்களது மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்கள் அன்று மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் உள்ளே வந்து, முதலில் பிள்ளைகளை அழைத்து வரும்படி கூறினார்கள். அவர்களை அணைத்து முகர்ந்தார்கள். கண்களிலிருந்து நீர் வடிந்தது. அதைக் கண்டே அஸ்மா (ரழி) செய்தியை விளங்கிக்கொண்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் முன்னிலையில் அழுகிறார். கண்ணீரை மறைப்பதற்காக அவர்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பவில்லை. நாமோ, ஜனாஸா வீட்டில் செய்யும் முதல் வேலையே பிள்ளைகளைச் சாச்சி வீட்டுக்கு அனுப்புவதுதான். “வாப்பா தூங்குகிறார்”, “வாப்பா வெளிநாடு போய்விட்டார்” என்று வேறு கூறிவிடுகின்றோம். தூங்குகிறார் என்று கேட்ட குழந்தை தான் தூங்குவதற்கே அஞ்சும். வெளிநாடு என்று கேட்ட குழந்தை, என்னைக் கேட்காமல் ஏன் போனார் என்று கோபம் கொள்ளும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மரணம் மீள முடியாதது என்பது இலகுவில் விளங்காது. ஆகவே, வாப்பா மௌத்தாகிவிட்டார், அவரது உடம்பு இனி வேலை செய்யாது, அவர் திரும்பி வரமாட்டார் என்று நேராகச் சொல்லுங்கள். மறுநாளும் அது கேட்கும், மறுநாளும் சொல்லுங்கள். தான் குழப்படி செய்ததால்தான் உம்மா மௌத்தானார் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. கேட்காவிட்டால் அவர்கள் அதை வெளியில் கூறமாட்டார்கள். காலையில் அழுத பிள்ளை பின்னேரம் பந்தடிக்கப் போனால் ஏசாதீர்கள். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், விட்டு விட்டு வரும்.

ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். (நம் ஊர்களில் மௌத்தான வீட்டாரே ஊருக்குச் சமைத்துப் போடுகின்றார்கள். இதைப் பற்றி அதிகம் பேசினால் சிலர் கோபிப்பார்கள். ஆயினும் உண்மை அதுதான்.) மூன்று நாட்கள் அவர்களை அழ விட்டார்கள். பின்னர் வந்து, பிள்ளைகளை வரவழைத்து, நாவிதரைக் கொண்டு அவர்களது தலைமுடியைச் சிரைத்துவிட்டார்கள். இவன் இன்னாரைப் போன்றவன் என ஒவ்வொரு பிள்ளையையும் குடும்பத்து முகமொன்றோடு இணைத்துப் பேசினார்கள். பிள்ளைகள் அநாதைகளாகிவிட்டனரே என்று தாய் வருந்தியபோது, தாமே அவர்களுக்குப் பொறுப்பாளர் என்றார்கள். தந்தையைப் பிறக்கும் முன்பும், தாயை ஆறு வயதில் அப்வாவிலும், பாட்டனாரை எட்டு வயதிலும் இழந்தவர்கள் அல்லவா அவர்கள்!

பொறுப்பு என்ற அந்தச் சொல் மூன்றாம் நாளோடு முடியவில்லை. பிற்காலத்தில் நபியவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது, எதிர்கொள்ள ஓடிவரும் சிறுவர்களுள் ஜஃபரின் மகன் அப்துல்லாஹ்வைத் தம் வாகனத்தில் முன்னால் ஏற்றிக்கொள்வார்கள். இதனை அறிவிப்பவர் அதே அப்துல்லாஹ்தான். நம் ஊர்களில் நாற்பதாம் நாள் வரை வீடு நிறைந்திருக்கும். பின்னர் கதவைத் தட்ட ஆளில்லை. உம்மா இத்தாவில் நான்கு மாதங்களும் பத்து நாட்களும் இருக்கையில், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போவது யார்? மாமாமாரே, சாச்சாமாரே, உங்களைத்தான் கேட்கின்றேன்.

இனி, வாலிபப் பிள்ளைகள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடை வைத்திருந்த வாப்பா மௌத்தானால், மூத்த மகனின் தோளில் கைபோட்டு, “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிள” என்கிறோம். பதினைந்து வயதில் அவன் கல்லாப்பெட்டியில் அமர்கிறான். அழுதால் உம்மா உடைந்துபோவார் என்று அழுவதும் இல்லை. பிறகு, அவன் முரடனாகிவிட்டான், தொழுகைக்கு வருவதில்லை என்று நம்மிடமே முறைப்பாடு கொண்டு வருகிறார்கள்.

அப்துல்லாஹ்வும் சிறுவயதில் விற்பனை விளையாட்டு விளையாடியவர்தான். அதைக் கண்ட நபியவர்கள் அவரது வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். விளையாட்டை நிறுத்திக் கடைக்கு அனுப்பவில்லை. கொடைக் கடல் என அரபிகள் அழைத்த பெரும் வள்ளலாக அவர் வளர்ந்தது அதற்குப் பின்னர்தான். உங்கள் மஹல்லாவில் இவ்வாறு கடைக்கு வந்துவிட்ட பையன் இருந்தால், ஜமாஅத்தார் கூடி அக்கடையை இரண்டு வருடம் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் சாதாரண தரப் பரீட்சையை எழுதட்டும்.