சூதுபவளத் தடமும் சகர்பூரின் தூசியும்

செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பைப் பின்பற்றி, ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடிச் செல்லும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தோன்றியது. மணிகளையும் கனிமங்களையும் கருவாகக் கொண்ட தேடல் தடங்களும் அதில் உண்டு. இந்தியாவில் அத்தகைய தடமொன்றை வகுப்பதாயின், குஜராத்தின் சூதுபவளத்திலிருந்து தொடங்கலாம்.

முதல் இடம், பரூச் மாவட்டத்து ரத்தன்பூர். நர்மதைக்கு அருகிலுள்ள இக்குன்றுப் பகுதியில் அகேட் கற்கள் தோண்டப்படுகின்றன. அவை வெட்டியெடுக்கப்படும்போது பெரும்பாலும் சிவப்பாக இருப்பதில்லை. வெயிலில் உலர்த்திப் பானைகளிலிட்டுச் சூடேற்றும்போது, கல்லிலுள்ள இரும்புச் சேர்மம் நீரிழந்து சிவக்கிறது. நாம் வியக்கும் அந்நிறத்தில் மனிதக் கைக்கும் பங்குண்டு.

இரண்டாவது இடம் லோத்தல். அங்கு நடந்த அகழாய்வில் ஹரப்பா காலத்து மணிப் பட்டறை வெளிப்பட்டது. நீண்ட சூதுபவள மணிகளைத் துளையிட ஹரப்பா மக்கள் தனி வகைக் கல் துரப்பணங்களைப் பயன்படுத்தினர். அதே வகைத் துரப்பணத்தைக் கொண்டு அறிஞர்கள் செய்த சோதனையில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரே துளைக்க முடிந்தது. இக்கணக்கின்படி, 10 சென்டிமீட்டர் மணியொன்றின் துளைக்கு மட்டும் 40 மணி நேர உழைப்பு வேண்டும்.

மூன்றாவது இடம் கடல் கடந்தது. இன்றைய ஈராக்கிலுள்ள ‘ஊர்’ என்னும் சுமேரிய நகரின் அரச கல்லறைகளில் சிந்துவெளி மரபைச் சேர்ந்த சூதுபவள மணிகள் கிடைத்தன. மெலுஹா நாட்டிலிருந்து இக்கல் வந்ததைச் சுமேரிய மன்னன் குதேயாவின் எழுத்துகள் குறிப்பிடுகின்றன. மெலுஹா என்பது சிந்துவெளிப் பகுதியே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை.

பெயர்களும் இத்தடத்தின் சான்றுகளே. குஜராத்தியில் இக்கல்லுக்கு வழங்கும் ‘அகீக்’ அரபுச் சொல். மேற்குக் கடல் வணிகத்தின் நினைவு அதில் உள்ளது. ஐரோப்பியர் துறைமுகத்தின் பெயரால் ‘கேம்பே கற்கள்’ என்றனர். கடல்வாழ் உயிரி தரும் பவளத்துக்கும் இக்கல்லுக்கும் உறவில்லை; ஆயினும் நிறம் கருதித் தமிழ் அதனைச் சூதுபவளம் என்றது. வணிகமும் துறைமுகமும் நிறமும் பெயரில் இடம்பெற்றன. மணியைச் செய்தவர் எதிலும் இல்லை.

ஆகவே இத்தடத்தின் இறுதி இடம் கம்பாத் நகரை ஒட்டிய சகர்பூராக இருக்க வேண்டும். நிலத்தில் நட்ட இரும்பு முனையில் கல்லை வைத்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டி வடிவமைக்கும் கைத்திறன் அவ்வட்டாரத்தில் இன்றும் உண்டு. அரைவைச் சக்கரங்கள் எழுப்பும் சிலிக்காத் தூசியால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயும் அங்குண்டு. அதனைக் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை. பட்டறைகள் பெரும்பாலும் வீடுகளிலேயே இயங்குவதால், கல்லைத் தொடாத அண்டை வீட்டாரையும் அது தாக்கியிருப்பதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவன ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் மணியின் காலமும் கிடைத்த இடமும் எழுதப்பட்டிருக்கின்றன. எத்தனை மணி நேர உழைப்பு, எத்தகைய தூசி என்பதற்கும் அங்கு ஒரு வரி வேண்டும். ஹரப்பாவின் கைத்திறனைப் பெருமையாகப் பேசும் நாம், அக்கைத்திறனை இன்று ஏந்தி நிற்பவரின் மூச்சைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள்.